பூட்டிய கதவைப் பற்றிக் கேட்காத கேள்வி

என் அன்புச் சரோஜா அக்கா,

நீ இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போனில் கத்தியிருப்பேன். "மெதுவா பேசுடி, ஜட்ஜம்மா" என்று நீ சிரித்திருப்பாய். கத்துவதற்கு இப்போது ஆள் இல்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்கு எழுதுகிறேன். அவர்கள் காதிலும் விழட்டும்.

காவாந்தண்டலத்தில் நம் கழனிக்கு நடவுக்கு வரும் செல்வியை உனக்குத் தெரியும். இரண்டு கையிலும் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஓடுவாளே, அவள்தான். அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண், பவித்ரா. கணவன் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போனவன், எப்போதாவது தலைகாட்டுவான். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், செல்வி குழந்தையை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். ஜன்னலில் நின்று அழுத குழந்தையைப் பார்த்து யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாலையில் செல்வி திரும்பியபோது வீடு காலி. பவித்ராவை நகரத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள்.

அன்று அவள் நட்டது நம் கழனியில், அக்கா. என் வீட்டுக்காரர் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது நான்தானே? ஊரார் விஷயம் என்று எப்படி ஒதுங்குவேன்?

வழக்கு குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்தது. அது நீதிமன்றம் இல்லையாம். செல்வி கோர்ட்டு என்றுதான் சொல்கிறாள். பெயரைக் கூவி அழைக்கிறார்கள், நிற்க வைத்துக் கேட்கிறார்கள், வாய்தா கொடுக்கிறார்கள். அதற்கு வேறு பெயர் என்ன?

முதல் முறை போனபோது உறுப்பினர் ஒருவர் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு அதைச் சொன்னது மதியம். கான்வென்ட்டில் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? இங்கே இழுப்பதற்கு நாற்காலியே இல்லை.

அடுத்த முறை செல்வியோடு நானும் உள்ளே நுழையப் பார்த்தேன். வாசலில் இருந்தவர் கையை நீட்டினார்.

"இன்னா ஆயா, எங்க போற? அப்பால போய் குந்து."

"எங்க குந்தறது? ஒரு நாற்காலி காட்டுங்க."

அவரும் பாவம், சுற்றிப் பார்த்தார். "நீ அந்தப் புள்ளைக்கு ரத்த சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

"அப்ப வெளியவே இரு."

கதவு பாதி திறந்திருந்தது. தலைவி அம்மாளின் குரலில் கோபமில்லை, அவசரம்தான்.

"ஏம்மா பூட்டினே?"

"ஏரி ரொம்பி கீதும்மா. போன வர்சம் எங்க தெருவுல ஒரு புள்ள..."

"பூட்டினியா, இல்லியா?"

"பூட்டினேம்மா."

"விடுதிக்குப் போய் குழந்தையப் பாத்தியா?"

"மொத வாட்டி போனேம்மா."

"அப்புறம்?"

"உள்ள போவலம்மா."

அவ்வளவுதான். மறுபடி வாய்தா. வெளியே வந்த அலுவலர் என்னிடம், "பெத்தவளுக்கே அக்கறை இல்ல மேடம், நாங்க என்ன பண்றது?" என்றார். எனக்கும் செல்வி மீது ஆத்திரம். பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்.

"ஏண்டி போகல?"

"போனேன் பெரிம்மா. எதிர்ல எளநீ வண்டி கீதில்ல, அங்க நின்னுக்கினு இருப்பேன். புள்ள துணி எடுக்க மாடிக்கு வரும். பாத்துட்டு வந்துருவேன். முன்பல்லு விழுந்துட்ச்சு அதுக்கு."

முதல் முறை பார்த்துவிட்டுக் கிளம்பியபோது குழந்தை புடவையை விடவில்லையாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் இழுத்துப் போனார்களாம். அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல். 'நீ வந்து போனதாலதான்' என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவள் தெருவைத் தாண்டி விடுதிக்குள் போகவில்லை.

"இதை உள்ள சொல்றதுக்கென்ன?"

"அவங்க கேக்கலியே பெரிம்மா."

அக்கா, ஏன் பூட்டினாய் என்று கேட்ட இடத்தில், பூட்டாமல் இருக்க உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவராவது கேட்டிருக்கலாமே? வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச், எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்ற தகவல், அடுத்து என்ன நடக்கும் என்று புரியும்படி இரண்டு வார்த்தை. தாய் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்க அனுமதி. மாதம் ஒரு முறை குழுவே உத்திரமேரூருக்கு வந்து உட்கார்ந்தால் அதிகாரம் குறைந்துவிடுமா? கருணை காட்டுங்கள் என்று நான் கெஞ்சவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். அதைத் தாயைச் சேர்த்துக்கொண்டு செய்ய முடியாதா?

நீ விடுதிக் காப்பாளராக இருந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பார்க்க வந்த அம்மா கிளம்பும்போது அழுகிற பிள்ளையைப் பிடித்து இழுக்க விடமாட்டாய். கேட்டுக்குக் கூட்டிப்போய், "உங்கம்மாவ நீயே அனுப்பிட்டு வா" என்று கேட்டை மூடித் தாழ்ப்பாள் போடுகிற வேலையை அதன் கையில் கொடுப்பாய். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று நான் கேலி செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வியை இளநீர் வண்டிப் பக்கத்திலிருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். விடுதிப் பொறுப்பாளர் சின்னப் பெண். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். கிளம்பும்போது தாழ்ப்பாளைப் பவித்ராவிடம் விட்டாள். பவித்ரா அழுதாள், அக்கா. அழாமல் இருப்பாளா? ஆனால் புடவையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தாழ்ப்பாளைத் தள்ளினாள். "போய்ட்டு சீக்கிரம் வாம்மா" என்றாள், பெரிய மனுஷி போல.

செல்வி ஏன் உள்ளே போகவில்லை என்பதை முழுதாக எழுதிக் குழுவுக்குக் கொடுத்துவிட்டோம். விடுமுறை நாட்களில் செல்வி வேலைக்குப் போனால் பவித்ரா என் வீட்டில் இருப்பாள் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த முறை செல்விக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் வாசலில் நிற்பேன். என்னை ஆயா என்றே கூப்பிடட்டும்.

அந்தக் குழந்தை தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டு, அம்மா பக்கத்தில் படுக்கிற வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

குரலைத் தாழ்த்த இன்னும் கற்றுக்கொள்ளாத உன் தங்கை,
விமலா
உத்திரமேரூர்