அலைகளை நீ சொன்ன பிற்பகல்

நேற்று மாலை மகள் விடுதியிலிருந்து பேசினாள். "இங்க பயங்கர மழைம்மா, ஜன்னலெல்லாம் அடிக்குது" என்றாள். எனக்கு மழை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவள் குரல் மட்டும் துல்லியமாக வந்தது. அவள் பேச்சை நிறுத்தியபோதெல்லாம் காதில் ஒன்றுமே இல்லை. மின்விசிறி இல்லை, மூச்சு இல்லை, மழை இல்லை. கைபேசியில் இருக்கும் புரோகிராம் மழையை இரைச்சல் என்று முடிவுகட்டி வழித்து எறிந்துவிட்டது. எனக்கு அது தெரியும். இத்தனை வருடங்களாக இந்த வேலையில்தான் சோறு சாப்பிடுகிறேன். தெரிந்தும், "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இருக்கேன்மா, எங்க போவேன்?" என்று எரிச்சலோடு வைத்துவிட்டாள்.

இந்தப் பயத்தை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரே தோழி நீ. நீ இறந்துபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஆரோவில் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன அலுவலகம் உனக்கு நினைவிருக்கும். இணையம் வழியாகக் குரலை அனுப்பும் புரோகிராம் எழுதினோம். நான் திண்டிவனத்திலிருந்து வந்தேன், நீ அனுமந்தைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ எப்போதும் ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வாய். மற்ற காது வெளியே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடல் ஊருக்குள் வந்த பிறகு உனக்கு வந்த பழக்கம் அது.

அந்த மார்கழிக் காலையில் கடல் முதலில் உள்வாங்கியது. வெறிச்சென்று கிடந்த மணலைப் பார்க்கப் போனவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அவர் திரும்பவில்லை. உன் ஊரில் தப்பித்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போது ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். "மொதல்ல சத்தம் நின்னுச்சி" என்பார்கள். நீயும் ஒரு முறை அப்படித்தான் தொடங்கினாய். அதற்கு மேல் சொல்லவில்லை.

அதற்கப்புறம் உங்கள் ஆட்களை உப்பளத்துக்கு மேற்கே, மேட்டில் தகரக் கொட்டகைகள் போட்டுக் குடிவைத்தார்கள். உன் அம்மாவும் அங்கேதான் இருந்தாள். கடல் கண்ணில் படாத இடம். பயம் போகும் என்று நினைத்தார்கள், கூடியது. கடல் தெரியாததால் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்றும் தெரியவில்லை. ஒருவர் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், "வருது, வருது" என்று ஊரே ஓடியது. அப்போதுதான் ஒரு தொண்டு அமைப்பு நம் அலுவலகத்துக்கு வந்தது. கரையில் ஒரு மைக், கொட்டகைகளுக்கு நடுவில் கம்பத்தின் மேல் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர். கரையில் காவலுக்கு இருப்பவர் அவ்வப்போது கடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் கடலின் சத்தம் போய்க்கொண்டே இருக்கும். நீ கையைத் தூக்கினாய். ஊர்க்காரி என்பதால் உனக்கே அந்த வேலை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இடையில் இருந்த கம்பியில்லா இணைப்பு மிகக் குறுகல். அதில் போக வேண்டுமென்றால் ஒலியை நன்றாக நசுக்கிச் சுருக்க வேண்டும். நம்மிடம் இருந்த சுருக்கும் முறை மனிதக் குரலுக்கென்றே செய்தது. எந்தச் சத்தம் உள்ளே போனாலும் அது ஒரு தொண்டையிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். நாம் இருவரும் அதை வெறும் கணக்காகத்தான் படித்திருந்தோம். முதல் நாள் கரையில் மைக்கை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்து நின்றபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. ஹார்னில் கடல் வரவில்லை. நிறைய பேர் வாய் நிறையத் தண்ணீரோடு ஏதோ சொல்ல முயல்வதுபோல ஒரு முனகல் வந்தது. குழந்தைகள் அழுதன. ஒரு பெண் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "அது எங்க வூட்டுக்காரரு. எனக்குத் தெரியாதா அவரு கொரலு?" என்றாள். நீ ஓடிப் போய் ஸ்பீக்கரை அணைத்தாய்.

அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தோம். பேச்சு இருக்கும்போது மட்டும் அனுப்பு, மற்றதை இரைச்சலாக நினைத்துத் தள்ளிவிடு என்று ஒரு செட்டிங் அந்த முறையிலேயே இருந்தது. மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுச் சோதித்தோம். விசிறி மறைந்தது, உன் குரல் கண்ணாடிபோல் வந்தது. "அப்பாடா, பேய் ஓடிடுச்சி" என்றாய். இருவருமே சிரித்தோம். இருவருக்கும் அப்போது முக்கியமாகப் பட்டது அந்த முனகல் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மாசி மாத வெயில். நீ லேப்டாப்போடு கரைக்குப் போனாய். உன் சித்தப்பாதான் அன்று காவல். நான் கொட்டகையில் ஹார்னுக்குக் கீழே. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். உன் சித்தப்பாவின் குரல் வந்தது: "கடல் சரியா இருக்குது. யாரும் பயப்படாதீங்க." ரேடியோபோல் தெளிவு.

"இன்னாடி இது, சித்தப்பாவுக்கு சளி போயிடுச்சா?" என்று ஒருத்தி கேட்க, நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

பிறகு ஹார்ன் ஓய்ந்தது. தகரக் கூரை வெயிலில் படக்கென்று நெளிவது கேட்டது. இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். "சத்தம் நின்னுடுச்சி" என்றாள். கத்தவில்லை. அவள் பக்கத்திலிருந்தவள்தான் கத்தினாள்: "கடல் உள்ள போவுது!"

அடுத்த நொடி யாரும் அங்கே இல்லை. பாத்திரங்கள் உருண்டன, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து மேற்கே ஓடினார்கள். அது நாம் வைத்த செட்டிங் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே நிச்சயமில்லை. நாம் வைத்த செட்டிங்கால் வரும் அமைதியும், கடல் நிஜமாகவே பின்வாங்கினால் வரும் அமைதியும் அந்த ஹார்னில் ஒன்றுபோலத்தான் கேட்கும். அங்கே நின்றுகொண்டு இது எந்த அமைதி என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. நீயோ கரையில் இருந்தாய்.

உன் அம்மா மட்டும் கிழக்கே ஓடினாள். "எம் பொண்ணு அங்க இருக்குது! எம் பொண்ணு அங்க இருக்குது!" உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில், செருப்பில்லாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் அவள் பின்னால் ஓடினேன். வெள்ளை வெளேரென்ற பாத்திகளைத் தவிரக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வரப்பு வழுக்கியது. கைபேசியில் உன் எண்ணை அழுத்தினேன். கிடைக்கவில்லை. மறுபடியும். கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரு கறுப்புச் சுவர் அந்தப் பாத்திகளின் விளிம்பில் எழுந்து வரப்போகிறது, அதற்குள் உன் அம்மாவைப் பிடித்துவிட்டால் அவளோடு சேர்ந்து சாகலாம், தனியாகச் சாக வேண்டாம் என்றுதான் ஓடினேன்.

பிறகு மணி அடித்தது. நீ எடுத்தாய்.

"என்னடி, சாப்டியா?"

"கடல் இருக்குதா?"

"என்னா கேள்விடி இது? எதிர்லயேதான் இருக்குது."

"எல்லாரும் ஓடுறாங்கடி. ஹார்ன்ல கடல் சத்தமே இல்ல. உங்கம்மா உன்னத் தேடிக்கிட்டு அங்கதான் ஓடி வர்றாங்க."

உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இரு, மைக்க அலைகிட்ட புடிக்கிறேன்" என்றாய். நான் வரப்பில் நின்று மேட்டுப் பக்கம் காதைத் திருப்பினேன். ஹார்ன் அந்த வெட்டவெளியில் வெகுதூரம் கேட்கும். ஒன்றுமே வரவில்லை.

"கேக்கலைடி! ஒண்ணுமே கேக்கலை!"

"புரோகிராம் அலையைத் தூக்கி எறியுது" என்றாய். பின்னால் உன் சித்தப்பா, "உங்க டப்பாவுக்கு எங்க கடல் புடிக்கலியா?" என்று கத்துவது கேட்டது. செட்டிங்கை மாற்றினால் புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும், இணைப்பு திரும்பி வரவே சில நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரமும் ஹார்ன் செத்துக் கிடக்கும். நம் இருவருக்குமே அது தெரியும். "சரி, அதுக்குப் பேச்சுதான வேணும்" என்று நீ போனை வைத்துவிட்டாய்.

முதலில், "கடல் இருக்குது, யாரும் ஓடாதீங்க" என்றாய். ஒருவரும் நிற்கவில்லை. அதைத்தான் எல்லோரும் எப்போதும் சொல்வார்கள். கொஞ்சம் இடைவெளி. பிறகு உன் குரல் மாறியது.

"ஒண்ணு வருது. சின்னதுதான். வந்துக்கினே இருக்குது. இதோ, கால்ல பட்டுச்சி. சில்லுனு இருக்குது. போவுது. உள்ளங்கால்ல மண்ணு நழுவுது. அடுத்தது வருது. இது கொஞ்சம் பெருசு. அய்யோ, பேன்ட்ட நனைச்சிடுச்சி சனியன்."

எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த உன் அம்மா நின்றாள். அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள், உப்புத் தண்ணீரில். "எம் பொண்ணுதான். கடலப் போயி சனியன்னு சொல்ல வேற யாரு இருக்கா?" என்று சொல்லிச் சிரித்தாள், அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ நிறுத்தவே இல்லை. அலை அலையாகச் சொன்னாய். "ஒரு நண்டு ஓடுது, சித்தப்பா புடிங்க, கொழம்பு வெச்சிடலாம்" என்றாய். மேற்கே சாலை வரை போனவர்கள் ஒருவர் இருவராக நின்றார்கள், திரும்பினார்கள், ஹார்னுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். சிராய்த்த முழங்காலில் உப்பு எரிய, கதை கேட்பதுபோல் கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அவளை ஆட்டோவில் ஏற்றும்போதும் அவள் காது ஹார்ன் பக்கமே இருந்தது. சாயங்காலம் உன் குரல் கம்மிப் போகும் வரை அந்த ஊருக்கு நீதான் கடல்.

மறுநாள் அலுவலகத்தில் நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். பேச்சு இல்லாத நேரத்தில், கேட்கும் பக்கத்து இயந்திரமே லேசான ஒரு இரைச்சலைத் தயாரித்துப் போடலாம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேட்பவர் பயப்படக் கூடாது என்பதற்காக எல்லோரும் செய்வதுதான். அதற்கு ஆறுதல் இரைச்சல் என்று பெயர்.

"பொய்க் கடலா?" என்று நீ எழுந்து நின்றுவிட்டாய். "நெஜக் கடல் ஓடிப் போனாலும் இது பாட்டுக்கு ஷ்ஷுன்னு போட்டுக்கினு இருக்கும். எங்கம்மா அதக் கேட்டுக்கினு தூங்கும். அறிவு இருக்குதாடி உனக்கு?"

பிறகு உட்கார்ந்து, ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

"நேத்து நானும் பொய்க் கடல்தான்டி குடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நான் பாக்கவே இல்ல. அப்பா போன எடம் அது. நீ போன்ல கடல் இருக்குதான்னு கேட்ட இல்ல, போன வெச்சதுமே கண்ண மூடிட்டேன். தெறக்க முடியல. கால மட்டும் தண்ணியில வெச்சிக்கினு நின்னேன். ஒவ்வொரு தடவையும் தண்ணி போனப்போ, இனிமே வராது, இதான் அது, அப்படின்னு நெனச்சேன். வந்து பட்டதும் அடுத்ததச் சொன்னேன். கால்ல பட்டது மட்டும்தான் நெஜம்."

"நண்டு?"

"ஏது நண்டு?"

சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கரையில் காவல் குடிசைக்குள் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார், உன் முதுகைத்தான் பார்த்தார் என்றாய். "அம்மாகிட்ட சொல்லாத" என்றாய். அதோடு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாய்.

நாம் வேறொரு சுருக்கும் முறைக்கு மாறினோம். அதற்கு இடம் அதிகம் வேண்டியிருந்தது; ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றினோம். அதன்பின் குரல் கரகரவென்று வந்தது, கடல் கடலாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் கரைக்குப் பக்கத்தில் வீடுகள் கட்டிக் கொடுத்ததும் ஹார்னைக் கழற்றிவிட்டார்கள். நீயும் நானும் வேறு வேறு அலுவலகங்களுக்குப் போனோம். நீ எத்தனையோ முறை என்னோடு பேசினாய், அந்தப் பிற்பகலைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடைசியில் நோய் உன்னைச் சில மாதங்களில் கொண்டு போய்விட்டது.

உன் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் உன் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். அவளுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. "ஊரே ஓடுது. எம் பொண்ணு மட்டும் கடல நேருக்கு நேரா பாத்துக்கினு நின்னா. கண்ணு இமைக்கல." பிறகு என் பக்கம் கையை நீட்டித் துழாவினாள். "நீதான் இருந்தியே கண்ணு, சொல்லு."

"ஆமாம்மா" என்றேன். "பாத்துக்கிட்டுதான் நின்னா."

அவள் நிம்மதியாக அடுத்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் வைத்திருக்கும் மகளுக்குப் பயமே கிடையாது. அவளிடம் அந்த மகள் இருக்கட்டும். என்னிடம் இருப்பது வேறு ஒருத்தி: கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் போன ஈர மணலில் நின்று, இனி வராது என்று நினைத்துக்கொண்டே, "அடுத்தது வருது" என்று சொல்பவள். அவளைத் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.