இளவரசியின் இடது பக்கம்

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.
பங்குனி கடைசி ஞாயிறு

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை கலைவாணனும் குழந்தை மகிழினியும் அந்தக் கனடா குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் வெறுமனே இருக்கிறேன் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடுகிறேன், பிரஷர் மாத்திரை போடுகிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டியா தூங்கினியா என்று எதையோ பேசி வைத்துவிடுகிறேன். எதிர்வீட்டு தேவதாஸ் அடுத்த வாரம் அவர் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஊர்ச் சேதி என்றால், மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் நம் தெரு முனை வழியாகத்தான் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயின, தீட்டு வீடு என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன், மேளச் சத்தம் மட்டும் கேட்டது. ரேஷன் கார்டில் அம்மா பெயரை எடுக்க ஒரு ஃபாரம் கொடுத்தார்கள், இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவோடு அவ்வளவு சிநேகமாக இருந்த மீன்காரி ராஜாம்பாள் வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. பார், மறுபடியும் சுற்றி வளைக்கிறேன். செல்வி, காரியம் முடிந்த நாளிலிருந்து ஒன்றரை மாதமாக நீ ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். அம்மாவ வீட்லயே பூட்டி வைக்காதீங்க, வெளிய அனுப்புங்கன்னு நான்தானே சொன்னேன், நான்தானே கொன்னுட்டேன் என்று. மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவ சரியா சாப்பிடறதில்ல மாமா, பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு அழறா என்றார். நீ கொல்லவில்லை. உன் அம்மா செத்ததற்குக் காரணம் நான். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது, நான் செய்த வேலையைச் சொல்கிறேன். படித்து முடித்துவிட்டு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்ததும், ஐப்பசிக்குள் சுவரைப் பிடித்து நடந்து, பிறகு சுவரையும் விட்டுவிட்டு நடந்ததும் உனக்குத் தெரியும். கால் வந்ததே தவிர இடப்பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மாலா அதை எனக்குப் பொறுமையாகச் சொன்னாள், கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், மூளைதான் அந்தப் பக்கத்த விட்டுடுது, அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே அவங்களுக்குத் தோணாது என்று. தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பாள். மீதிச் சோறு இடப்பக்கம் அப்படியே இருக்கும். நான் தட்டைத் திருப்பி வைப்பேன், அதையும் சாப்பிட்டுவிடுவாள். தலையைப் பாதிதான் வாருவாள், மறுபாதியை நான் வாரிவிடுவேன். படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லுங்க சார், தினம் ஒண்ணு, எவ்வளவு தூரம் இடப்பக்கம் போறாங்கன்னு அதுல தெரியும் என்று மாலா சொன்னதை உன்னிடம் சொன்னேன். உடனே நீ மகிழினி பைத்தியமாகக் கிடக்கிற அந்தக் கார்ட்டூன் இளவரசியின் படங்களை அனுப்பினாய். ஆயாவும் பேத்தியும் ஒரே படத்துக்குக் கலர் அடித்து ஒருத்திக்கு ஒருத்தி காட்ட வேண்டும் என்று குழந்தை சட்டமே போட்டாள். ஜெராக்ஸ் கடை இராமதாஸ் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடியில் ஏதோ பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவங்களுக்கும்னு போட்டிருக்கான் அண்ணே, அப்ப நீங்களும் அடிக்கலாம் என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அம்மாவுக்கு அந்த இளவரசியை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு படத்தில் பாய்மரப் படகு ஓட்டுவாள், ஒரு படத்தில் கயிறு பிடித்து மலை ஏறுவாள், ஒரு படத்தில் முதலை வாயில் கம்பை வைத்து முட்டுக்கொடுப்பாள். இவளுக்கு வீடு வாசல் கிடையாதா, எப்பப் பாரு ஊர் சுத்துறா, இவ அம்மாக்காரி என்னதான் பண்றா என்று திட்டிக்கொண்டே அடிப்பாள். பாவாடைக்கு எப்போதும் பச்சைதான். ஆயா, அவ டிரெஸ் நீலம் என்று குழந்தை போனில் கத்துவாள், எனக்குப் பச்சைதாண்டி பிடிக்கும், உன் இளவரசிய வேற கடையில துணி எடுக்கச் சொல்லு என்பாள் இவள். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியதில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

முதல் படம் படகுப் படம். முடிஞ்சிடுச்சு, எடுத்துக்கோ என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். வலப்பக்கம் பச்சையும் சிவப்புமாக அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள், இளவரசியின் மூக்குக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள். ஒரு கண்ணுக்குக் கலர் இருந்தது, இன்னொரு கண்ணுக்கு இல்லை. அதற்கு முந்தின நாள்தான் நீ சொல்லியிருந்தாய், அம்மாவுக்குக் குணமாகலன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன்பா என்று. மாப்பிள்ளை போனை வாங்கி, நிரந்தரமாகத் தங்குகிற பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்றார். ஆறு வருடம் நீங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு எனக்குத் தெரியும். மத்தியானம் அம்மா தூங்கும்போது நான் கலர் பென்சிலை எடுத்தேன். படகின் மீதியையும் கடலையும் அந்த இன்னொரு கண்ணையும் அடித்தேன். தட்டைத் திருப்பி வைக்கிற மாதிரிதான் என்று என் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். அம்மா எவ்ளோ அழகா பண்ணியிருக்காங்க என்று நீ அழுதாய், சந்தோஷத்தில்.

ஒரு நாள் செய்தது பழக்கமாகிவிட்டது. முப்பத்தொரு படம் செல்வி, முப்பத்தொன்றிலும் இடப்பக்கம் என் வேலை. அவளைப் போலவே அழுத்தி அடிக்கவும், அவளைப் போலவே கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போகவும் பழகிக்கொண்டேன். ஒரு படத்தில் குதிரையின் வால் இடப்பக்கம் வந்தது, குதிரை உடம்புக்கு அவள் அடித்த காவி நிறப் பென்சில் தீர்ந்துபோய் வேறு டப்பா வாங்கி அதே நிறம் தேடிப் போட்டேன். மில்லில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும், நெய்து வரும் துணியை விளக்கு மேல் ஓடவிட்டு எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் குறி போடுவது. மேஸ்திரி கெஞ்சினாலும் ஒரு குறையை விட்டதில்லை என்று உன்னிடமே பெருமை பேசியிருக்கிறேன். அந்தக் கையால்தான் இதைச் செய்தேன். முடித்த படத்தை அம்மாவிடமே காட்டுவேன், பரவாயில்ல, நல்லாதான் வந்திருக்கு என்பாள். இடப்பக்கம் அவளுக்கு நான் கலர் அடிப்பதற்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் நான் படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதாக இருந்தேன். அம்மாதான் ஃபைலோடு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், மாலாப் பொண்ணுகிட்ட காட்டணும் என்று. அன்றைக்கு மாலா ஒரு தாள் கொடுத்து அதிலுள்ள கோடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டச் சொன்னாள், இடப்பக்கம் ஏழெட்டுக் கோடு விட்டுப்போயிருந்தது. அவள் முகம் சுருங்கியது. பிறகு ஃபைலைப் புரட்டினாள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, இன்னைக்கு அசதி போல சார், வீட்ல இடப்பக்கம் நல்லாத்தானே செய்றாங்க, கிட்டத்துல எங்கனா தனியா போய்ட்டு வரட்டும், இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும் என்றாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அம்மா பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் எப்படிச் சொல்வது, வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், வெளியே வந்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாலாவின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவள் பார்த்தது என் கைவேலையை.

நீ வெளியே அனுப்புங்கள் என்று சொன்னது அதற்குப் பிறகு. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் சொல்லவில்லை. முதலில் சில நாள் பெரிய மார்க்கெட்டுக்கு அவளோடு போனேன், அவளுக்கு இடது கைப்பக்கமாகவே நடந்தேன். என்னா சும்மா ஒட்டிக்கிட்டே வர, புதுப் பொண்டாட்டியா நான் என்று திட்டினாள். பிறகு தெரு முனைக் கடைக்குத் தனியாகப் போய் வந்தாள், ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனாள். வலப்பக்கம் பார்த்துத்தான் ரோட்டில் இறங்கியிருக்கிறாள். பாதி ரோடு நல்லபடியாகத் தாண்டிவிட்டாள். மறுபாதியில் வண்டி வருவது இடப்பக்கத்திலிருந்து. எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த ராஜாம்பாள் சொன்னாள், ஆரன் அடிச்சிக்கிட்டேதான் வந்தான்ணா, நாங்கூட கத்துனேன், அக்கா இந்தப் பக்கம் திரும்பவே இல்ல, என்னப் பாத்து சிரிச்சிக்கிட்டே வந்தாங்க என்று. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா, இராமதாஸ் கடையில் அடுத்த படத்துக்குப் பிரிண்ட் எடுக்க நின்றுகொண்டிருந்தேன்.

இதையெல்லாம் நான் என்னோடு வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன், அவ்வளவு கோழை. போன புதன்கிழமை நீ கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. மகிழினியிடம் இன்னும் சொல்லவில்லை, ஆயா ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், இளவரசி யானைமேல் போகிற படத்தை முடித்து வைத்துக்கொண்டு ஆயாவுடையது எங்கே என்று தினமும் கேட்கிறாள் என்றாய். நீங்களே கலர் அடிச்சு அனுப்புங்கப்பா, அம்மா மாதிரியே, கொஞ்சம் கோட்டுக்கு வெளிய போற மாதிரி, அவளுக்குத் தெரியவா போகுது என்றாய். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யானையின் தும்பிக்கை, மரம், இளவரசியின் ஒரு கை என்று இடப்பக்கம் முழுவதும் அரை மணியில் முடிந்துவிட்டது, கைக்குப் பழக்கம்தானே. வலப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை நான் ஒரு நாளும் தொட்டதில்லை செல்வி. நான் உட்காரும்போதெல்லாம் அது எனக்கு முன்பே நிறைந்திருக்கும். பச்சைப் பென்சிலை எடுத்துப் பாவாடை மேல் வைத்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாததால் வாய்விட்டு அழுதேன்.

ஆகையால் அந்தப் படம் வராது. குழந்தையிடம் ஆயா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிவிடு, ஆறு வயசுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும், மூடி வைத்ததில் என்ன ஆகிறது என்று நான் பார்த்துவிட்டேன். ஆயா அடித்தது பாதிதான், மீதி தாத்தா அடித்தது என்பதையும் சொல்லு, உன்னால் முடிந்தபோது. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போய் மாலாவிடமும் சொல்லப்போகிறேன், அந்தப் பெண்ணும் ஒருவேளை தன்னையே நொந்துகொண்டிருப்பாள். என் மேல் கோபம் வரும், வரட்டும். என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம், நீ சாப்பிடுகிறாய் என்று மட்டும் மாப்பிள்ளையை எனக்குச் சொல்லச் சொல், அது போதும். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும், அங்காளம்மன் துணை இருப்பாள். பேப்பர் வந்ததும் அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, குழந்தைக்குப் பள்ளிக்கூட லீவு பார்த்து வா. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ரோட்டைத் தாண்டும்போது குழந்தையின் கையை விடாதே, உங்கள் ஊரில் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்று தேவதாஸ் சொன்னார்.

உன் அப்பா,
தெய்வசிகாமணி