டீசண்டான மாமன்

மரக்காணம் அருகே,
குப்பத்திலிருந்து
8-1-1996

திண்டிவனத்துக்கு விளக்கும் எனக்கு ஒரே மருமகளுமான தமிழ்மொழிக்கு,

கரையில் நிற்கிற படகெல்லாம் தன்னைப் பார்த்து வணக்கம் வைப்பதாக நம்புகிற உன் தாய்மாமன் தாண்டவராயன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை குப்பம்மாளும் கடலும் சுகம். கடல்தான் சற்று இளைத்துவிட்டது. போன வாரம் நான் தூக்கிய வஞ்சிரத்தால் தண்ணீர் ஒரு முழம் இறங்கிப்போய், பாண்டிச்சேரிக் கப்பல் ஒன்று தரை தட்டி நிற்பதாகக் கேள்வி.

நிற்க. உன் அப்பா மாசிலாமணியிடமிருந்து கடிதம் வந்தது. உனக்கு விழுப்புரத்து மாப்பிள்ளை அமைந்ததைப் படித்து நான் போட்ட கூத்தில் உன் அத்தை மீன்கூடையைக் கீழே போட்டுவிட்டாள். அதற்கப்புறம் வந்த வரிகளைத்தான் விழுங்க முடியவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் டீசண்டான குடும்பம். கல்யாணமும் டீசண்டாக நடக்க வேண்டும். ஆகவே மாமன் சீர் என்று ஊரைத் திரட்டி மேளத்தோடு வர வேண்டாம். நீங்கள் இருவரும் டீசண்டாக உடுத்தி, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும்."

டீசண்ட். இந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல, கண்ணு. திண்டிவனம் பஸ்ஸில் உன் அத்தை கூடையோடு ஏறினால் கண்டக்டர், "இறங்கும்மா, டீசண்டான ஆளுங்க உக்காந்துக்கினு இருக்காங்க" என்பான். அந்த டீசண்டான ஆளுங்கதான் மதியம் அதே கூடை மீனை முள்ளோடு முழுங்குவார்கள். பஸ் ஸ்டாண்ட் எதிரே புதுக் கடையில் டீசண்டான டீ கிடைக்கிறது. கொசு குளித்தால் முழங்கால் நனையாத கோப்பையில் தருகிறான். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி பெண்டாட்டியோடு தெருவில் நின்று சண்டை போடுவான். சாயங்காலம் அவளோடு சினிமாவுக்கும் போவான். அவன் டீசண்ட் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வெளியே வராமல் அடிக்கிறவன் டீசண்ட். எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான். உன் அப்பாவிடம் வேறு அர்த்தம் ஸ்டாக் இருந்தால் கேட்டு எழுது.

அது கிடக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு நான் வந்தால், முகூர்த்தத்தில் உன் நெற்றியில் பட்டம் கட்டுவது யார்? மாமன் பட்டம் கட்டாமல் நம்மில் எந்தப் பெண்ணுக்கும் தாலி ஏறியதில்லையே.

ஏழு கடலில் ஒன்றுக்கு ராஜாவும்
மற்ற ஆறுக்கும் மச்சானுமாகிய,
உன் மாமன்
தாண்டவராயன்

*

திண்டிவனம்
15-1-1996

அன்புள்ள மாமாவுக்கு,

தமிழ்மொழி வணக்கத்துடன் எழுதுவது. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய கருவாட்டை அம்மா பொங்கலுக்கு முன்பே குழம்பு வைத்தார்கள். ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டோம்.

உங்கள் கடிதத்தைப் படித்து அம்மா சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதுவிட்டார்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், மாமா. பாங்க் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. மண்டபத்துக்கு அவருடைய மேனேஜர் எல்லாம் வருவார்கள். பட்டம் கட்டுவதற்கு அப்பா ஆபீசில் மேலதிகாரி அப்பாதுரை சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரொம்ப மரியாதையானவர். மாமன் முறைக்கு அவரே நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் வந்து பந்தியில் உட்கார்ந்து, மனதார வாழ்த்தினால் எனக்கு அதுவே போதும்.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

அன்பு மருமகள்,
தமிழ்மொழி

*

குப்பம்
19-1-1996

அன்பு மருமகளே,

கோபமா, எனக்கா? கடிதம் படித்ததும் நான் விட்ட பெருமூச்சில் நாலு கட்டுமரம் இலங்கைப் பக்கம் போய்விட்டது. தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்றபடி சாந்தமாகவே இருக்கிறேன்.

அப்பாதுரை சாருக்கு என் நமஸ்காரம். மாமன் லீவில் போனால் பொறுப்பு மாமன் போடுவதற்கு இதென்ன தாலுக்கா ஆபீசா? அவருக்குப் படி உண்டா, பட்டம் கட்டிய பிறகு யாரிடம் கையெழுத்து வாங்குவார் என்றெல்லாம் உன் அப்பா யோசித்திருப்பார். நீ பிறந்தபோது உன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தது யாருடைய விரல்? சபாரி சட்டை போட்ட விரலா?

மாப்பிள்ளை வீட்டு டீசண்டும் எனக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளை பார்த்திபனின் தாத்தா மாரியப்பன், என் அப்பாவோடு ஒரே வலையில் கயிறு இழுத்தவர். விழுப்புரத்தில் வீடு கட்டி, வாசலில் குரோட்டன்ஸ் வைத்ததும் உப்புத் தண்ணி எந்தத் திசை என்று மறந்துவிட்டதாம். மறக்கட்டும். நாய்க்குட்டிக்கு டை கட்டினால் அதுவும் குரைக்க வெட்கப்படும். அவர்களை நான் மனிதக் கணக்கில் வைக்கவில்லை. உன் அப்பாவை எந்தக் கணக்கிலும் வைக்கவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அப்பா சொன்னார், அவர்கள் முடிவு செய்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சொல்கிறாய் என்று எழுதவில்லை. "மாமா, நீங்க வந்து கட்டுங்க" என்று ஒரு வரி எழுது. மேளம் வேண்டாம், ஊர் வேண்டாம், வெள்ளை வேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு ஊமை மாதிரி வந்து கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். பட்டத்தை முன்னமே செய்யக் கொடுத்துவிட்டேன். உன் அத்தை தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

பதிலை எதிர்பார்த்து,
உன் மாமன்

*

திண்டிவனம்
27-1-1996

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தை நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன்.

அப்பாவை நீங்கள் திட்டிய ஒவ்வொரு வரியும் என் மேல் விழுகிறது. அந்த வார்த்தை அப்பாவுடையது அல்ல. நான் சொல்லச் சொல்லத்தான் அவர் எழுதினார். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "அம்மா வழியில என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். அப்பா வாய் திறப்பதற்குள் நானே, "மாமா பாண்டிச்சேரில பிசினஸ் பண்றாரு, டீசண்டான ஃபேமிலி" என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

மயிலத்து வரன் எதனால் போனது என்று உங்களுக்குத் தெரியும். பெண்ணின் மாமி தெருவில் மீன் விற்கிறாள் என்று சொல்லித்தான் போனார்கள். இதுவும் போனால் எனக்குத் தாங்காது, மாமா. எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. பந்திக்கும் வர வேண்டாம். பிறகு ஒருநாள் நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

தமிழ்மொழி

*

விழுப்புரம்
3-3-1996

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கல்யாணம் நடந்தது. நீங்கள் வரவில்லை. வர வேண்டாம் என்று எழுதியவளே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா?

அப்பாதுரை சார் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எது மேல்பக்கம்?" என்று ஐயரைக் கேட்டார். கட்டியதும் அது புருவத்துக்கு இறங்கிவிட்டது. சார் வாட்சைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். மண்டபமே அமைதியாக இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து தாத்தா மாரியப்பன், "பொண்ணோட மாமன் எங்கடா? ஒரு சத்தத்தையும் காணோம், எழவு வூடு மாதிரிக்கீது" என்று கத்தினார். என் மாமனார் ஓடிப்போய், "டீசண்டா இருப்பா" என்று அவர் வாயைப் பொத்தினார். அந்தக் கை எனக்கு என் கை மாதிரியே தெரிந்தது, மாமா.

இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. எல்லாரும் நல்லவர்கள்தான். தாத்தா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க மாமன் என்ன மீன் புடிக்கிறாரு?" என்று ரகசியமாகக் கேட்கிறார். நான் பிசினஸ் என்கிறேன். அவர் சிரிக்கிறார்.

நீங்கள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அம்மா கேட்டாலும் பேச்சை மாற்றுகிறீர்களாம். வாயில் வந்தபடி திட்டி நாலு பக்கம் எழுதுங்கள். இந்த வீட்டு வாசலில் வந்து நின்று கத்துங்கள். நான் வெளியே வந்து, இவர்தான் என் மாமன் என்று சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

உங்கள் தமிழு

*

மரக்காணம்
14-3-1996

மதிப்பிற்குரிய திருமதி தமிழ்மொழி பார்த்திபன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். திருமணம் இனிதே நடந்தேறியது அறிந்து மிக்க மகிழ்ச்சி. தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள். தங்கள் மாமனார், மாமியாருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

தாங்கள் எழுதியுள்ளதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு எவ்வித மனத்தாங்கலும் கிடையாது. இங்கு அனைவரும் நலம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. தாண்டவராயன்