சிட்டுவின் வெள்ளிக்கிழமை

அக்கா,

இன்று மாலை விளக்கேற்றிவிட்டுச் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுச் சாம்பிராணி வாசனை பால்கனி வலை வழியாக உள்ளே வந்தது. பீரோ மேல் படுத்திருந்த சிட்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள். இறங்கிப் பின்னறைக்குப் போய்விட்டாள். எழுந்து பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுலோகத்தை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஒரு மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை நீங்கள்தான் முந்தானையில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்தீர்கள். சிதம்பரத்தில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்த நாம் அதற்கு முன் நின்று பேசியதுகூட இல்லை. எங்கள் வீட்டில் மீன் ஏறாது. அதனால் சாப்பாடு உங்கள் வீட்டில், தூக்கம் எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. அம்மா வீடு, மாமியார் வீடு மாதிரி இருந்துட்டுப் போகட்டும் என்றீர்கள். எது மாமியார் வீடு என்று கேட்டேன்.

"சோறு போடறது அம்மா வூடு. எத்தினி வாட்டி வெளிக்குப் போச்சுன்னு நோட்டுல எழுதற வூடு மாமியார் வூடு."

என் நோட்டை நீங்கள் கேலி செய்யாத நாள் கிடையாது. மணல் மாற்றிய தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்பது வரை அதில் எழுதியிருப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு எழுதி வைத்தால்தான் தைரியம்.

இரண்டு ரூமுக்குள் அடைத்து வைத்தால் பூனைக்குப் புத்தி கெட்டுவிடாதா என்று எனக்குப் பயம் இருந்தது. நீங்கள் ஒரு பலகையை ஜன்னலோரம் பீரோ உயரத்துக்கு அடித்துக் கொடுத்தீர்கள். "பூனைக்கு அகலம் வேணாம்மா, உயரம் இருந்தா போதும்" என்றீர்கள். கடலூர் முதுநகரில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்குப் போனபோது நைலான் வலை வாங்கி வந்து பால்கனியை அடைத்தீர்கள். மேசைக்காலில் சாக்கைச் சுற்றிக் கட்டினோம்; அன்றிலிருந்து சோபா தப்பித்தது. பலகையில் உட்கார்ந்து காக்கைகளை மிரட்டுவதே அவளுக்கு முழுநேர உத்தியோகம் ஆனது.

ஒரு வருஷம் கழித்து, அவளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு கடலூரிலிருந்து திரும்பிய வாரம், புதிதாக ஒரு வழக்கம் ஆரம்பித்தீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பீர்கள்.

"அவளை இங்க குடும்மா. வெள்ளிக்கிழமை எங்க வூட்ல விருந்து."

வெள்ளிக்கிழமை நீங்கள் கறி சாப்பிட மாட்டீர்கள், மீன்தான் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை நான் வீடு பெருக்கி முடித்த பிறகுதான் அவளைத் திருப்பி அனுப்புவீர்கள். பூஜை நேரத்தில் மீன் வாயோடு பூனை உலாவக் கூடாது என்று நினைக்கிறார், சர்ச்சுக்குப் போகிறவருக்கு எவ்வளவு மரியாதை பார் என்று இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து மூச்சு நின்றுபோனது. முதுநகருக்கு வந்து பார்த்தேன். உங்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சிட்டுவுக்கு மீன் வேகவைக்கப் பால்கனியில் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்தேன். திருவந்திபுரம் போய்ப் பெருமாளிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது மாதம் சிட்டுவுக்கு இருமல் தொடங்கியது. கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி, தொண்டையில் முடி சிக்கியது போல இருமுவாள். ஒன்றும் வெளியே வராது. மணலை மாற்றினேன், மீனை மாற்றினேன், விரிப்புகளை வெந்நீரில் அலசினேன். ஒவ்வொன்றையும் எழுதினேன். உனக்கு நோட்டுல எழுத ஒரு சாக்கு கிடைச்சாச்சு என்றார் இவர். ஒரு சனிக்கிழமை அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். விலா இரண்டும் ஏறி இறங்கின. மூடிக்கூடையில் வைத்து பஸ் ஏறி, நீங்கள் கூட்டிப் போகும் அதே டாக்டரிடம் போனேன்.

அவர் ஊசி போட்டுவிட்டு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என் நோட்டைப் புரட்டினார்.

"இருமல் எல்லாம் சனிக்கிழமையாவே இருக்கே. வெள்ளிக்கிழமை வீட்ல என்னம்மா பண்றீங்க?"

விளக்கேற்றுவேன் என்றேன். வேறு என்றார். சாம்பிராணி போடுவேன், புகை வீணாகாமல் இருக்கக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிடுவேன் என்றேன்.

"உங்க எதிர்வீட்டம்மா கிட்ட அப்பவே சொன்னேனே. இதுக்கு இழுப்பு இருக்கு, புகை ஆகவே ஆகாதுன்னு. நான் பாத்துக்கறேன்னாங்க."

இப்படியே போனால் ஒரு நாள் மூச்சு திரும்பாது என்றும் சொன்னார்.

வரும் வழியெல்லாம் கூடை மடியில் இருந்தது. ஊசி மருந்தில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு உங்கள் மேல் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவலி மாத்திரையிலிருந்து இவர் என்னோடு பேசாமலிருந்த பத்து நாள் வரை உங்களிடம் சொல்லாதது எது?

அடுத்த வெள்ளிக்கிழமை தூபக்காலை எடுக்கவில்லை. மாமியார் கையிலிருந்து வாங்கி ஒரு வாரம்கூட விடாமல் செய்தது. கை சும்மா இருப்பது போலிருந்தது. விளக்கும் பூவும் போதும் என்று சாமியிடம் சொல்லிக்கொண்டேன். ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம் மூன்று நான்கு வாரம் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் இருமல் என்ற வார்த்தை அத்தோடு நின்றது.

கோபம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உண்மையாக யோசித்துப் பார்த்தேன். சாம்பிராணியை நிறுத்தியிருக்க மாட்டேன். வேறு சாமி கும்பிடுகிறவர் என் பூஜையில் குறை கண்டுபிடிக்கிறார் என்று முகம் திருப்பியிருப்பேன். பூனையைத்தான் எங்காவது கொண்டுபோய் விட்டிருப்பேன்.

என்னைப் பற்றி இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னோடு சிநேகமாக இருந்தீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான், அக்கா.