கண்ணாடிக்கு வைத்த பொட்டு

இன்று தாம்பரத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தால், எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் என் பழைய மூக்குக்கண்ணாடியின் அதே ஃப்ரேமைப் போட்டிருந்தாள். பழுப்பு நிறம், பாதிக் கன்னம் வரை இறங்கும் அகலம். மறுபடியும் ஃபேஷனாகிவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. இன்னும் உங்கள் மேல் கோபம் வருகிறது பாருங்கள்.

நமக்குக் கல்யாணமான புதிது, எண்பதுகளின் நடுவில். மார்க்கெட் பக்கத்துக் கடையில் நீங்கள்தான் எனக்கு அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். என் முகமோ சின்னது. "இதான் இப்போ ஸ்டைலு, போடு" என்றீர்கள். கடைக்காரர் என் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை. ஃப்ரேமின் நடு எதுவோ, அதற்கு லென்ஸை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

செம்பாக்கம் வீட்டில் சாயங்காலம் வங்கித் தேர்வுக்குப் படிக்க உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பது போல வலிக்கும். எழுத்து இரண்டாகத் தெரியும். டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு, பவர் சரிதான் என்றார். உங்களுக்கு அது போதுமாயிருந்தது. "படிக்க இஷ்டம் இல்லேன்னா சொல்லிடு. கண்ணாடி மேல ஏன் பழி போடற?"

நானே கண்டுபிடித்தேன். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்தேன். லென்ஸுக்குள் தெரிந்த கம்பி, வெளியே தெரிந்த கம்பியோடு ஒட்டாமல் விலகி நின்றது. மெல்ல நகர்த்தினால் ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்தன. அதுதான் லென்ஸின் நடு. இரண்டு லென்ஸிலும் அந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். பொட்டு கருமணிக்கு நேரே இருக்க வேண்டாமா? இரண்டும் காதுப் பக்கமாக ஒதுங்கி நின்றன.

ஓடி வந்து காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "கண்ணாடிக்கும் பொட்டு வெச்சுட்டியா? அப்படியே பூவும் வெச்சுடு." கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். "அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றீர்கள். நான் தனியாகவே போனேன். "சாருக்குப் புடிச்ச ஃப்ரேமாச்சேம்மா. போடப் போடப் பழகிடும்" என்று அவரும் அனுப்பிவிட்டார்.

வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசித் தேர்வு. பாதியில் கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. எழுந்து வந்து, தேர்வு நடந்த பள்ளியின் சுவரோரம் வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம், "பயந்துட்டாம்மா" என்றீர்கள். பயமாம்!

பிறகு அந்த ஃப்ரேம் உடைந்தது. வேறு கடையில் கண்ணை அளந்து போட்டார்கள். தலைவலி போன இடம் தெரியவில்லை. பவர் அதே பவர்தான். சொன்னேன். "பரவாயில்லையே" என்றுவிட்டுப் பேப்பரைப் புரட்டினீர்கள். சரி, புரியாத மனுஷர், இவரிடம் மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று மன்னித்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் நம் மகளுக்கும் கண்ணாடி என்றார்கள். புதிதாக ஒரு கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் ஃப்ரேம்களை எடுத்துப் பரப்பினார். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். "அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு அளங்க. லென்ஸோட சென்டர் அங்கதான் உட்காரணும். இல்லேன்னா கொழந்தைக்குத் தலைவலி வரும், படிக்க முடியாது."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கடைக்காரர் நம் மகளின் மூக்குக்கு மேலே ஸ்கேலைப் பிடித்து அளந்தபோது நீங்களும் குனிந்து சரிபார்த்தீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்றைக்குப் புரிந்ததோ, யார் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மகளுக்குக் கண்ணாடியால் ஒரு நாளும் தலை வலித்ததில்லை, அது உங்களால்தான். ஆனால் நான் சொன்னது சரி என்று முன்பின் தெரியாத கடைக்காரரிடம் சொல்ல முடிந்த உங்களுக்கு, என்னிடம் சொல்ல வாய் வரவில்லையே. புரியாதவர் என்று நினைத்துத்தான் உங்களை மன்னித்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கடையிலேயே அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இன்னும் கொடுக்கவில்லை.