தொட்டியில் பிளீச்சிங் பவுடர்

மார்ச் ஒன்பது, காலை ஆறே முக்கால். உப்பு மீட்டர், போர்வெல் தண்ணீரில் 3,050 காட்டுகிறது. பாசித் தொட்டியில் 2,310. எண் குறைந்தால் உப்பு குறைந்தது என்று அர்த்தம், அப்பா. உயிரோடு இருந்தபோது நீங்கள் காதில் வாங்கியதில்லை.

கையெல்லாம் பாசி நாற்றம். "பயோடெக்கு படிக்க வெச்சா சாக்கடை வளக்கறான்" என்பீர்கள். ஆனாலும் அந்தத் தொட்டிக்குச் செங்கல் சுமந்தவர் நீங்கள்தான். அதனால்தான் கோபம் தீரமாட்டேன் என்கிறது.

இந்த நுண்ணுயிர்ப் பாசி உப்பைத் தன் உடம்புக்குள் இழுக்கும். வாராவாரம் வழித்து எறிய வேண்டும். தண்ணீரிலேயே செத்தால் இழுத்ததை எல்லாம் கக்கிவிடும். எத்தனை தடவை சொன்னேன்!

போன மாரியம்மன் நோம்பிக்கு வீடு சுத்தம் செய்தபோது, நான் கோயமுத்தூர் போயிருந்த நேரம் பார்த்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினீர்கள்.

"சாமி வர்ற ஊட்டுல பச்சைச் சளியாட்டம் கெடந்தா நாலு சனம் என்ன சொல்லும்?"

"அது சளியில்லீங்கப்பா. அதுதான் வேலை செய்யுது."

"வேல செய்யறது நானு. அது சும்மா மெதக்குது."

அதோடு விட்டீர்களா? தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று அதையே தோப்புக்குப் பாய்ச்சினீர்கள். தென்னங்கன்றுகள் கருகின. டீக்கடையில் போய், "பையன் வளத்த பாசி தென்னம்புள்ளைகளக் கொன்னுபோட்டுதுங்க" என்றீர்கள். நம் பெருமாட்டி ஊரில் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஏது? ஆடியில் மாரடைப்பில் நீங்கள் போனீர்கள். அந்தப் பேச்சு போகவில்லை. தொட்டியைக் கழுவிப் புதுப் பாசி விட்டேன்.

அடுத்த தோப்பில் சித்தப்பாவின் மரங்களும் உப்பில் ஓலை கருகி நிற்கின்றன. வியாழக்கிழமை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். பாசி எல்லா உப்பையும் எடுத்துவிடாது. அந்த மரங்கள் பிழைக்கும் அளவுக்கு எடுக்கும். நேற்று போய், தொட்டி கட்டலாம் என்றேன்.

"எங்கண்ணனே அது ஆகாதுன்னுட்டாரு. செத்தவரு பேச்ச மீறச் சொல்றியா கண்ணு?"

திரும்பி வந்தேன். இனி செய்யப்போவது:

1. வெயில் ஏறுமுன் பாசியை வழித்து, தோப்புக்கு வெளியே கொட்டுவேன்.
2. போர்வெல் தண்ணீர், தொட்டித் தண்ணீர் இரண்டையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போவேன். மீட்டரை அவர் கையிலேயே கொடுப்பேன்.
3. அண்ணன் சொன்னாரே என்று மறுபடி கேட்டால், "எங்கப்பா பண்ணுனது தப்புங்க சித்தப்பா" என்பேன். அவர் வீட்டு நடையிலும் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றுதான் சொல்லியாக வேண்டும்.