சால்மன் பொட்டலத்தின் சிவப்பு ஸ்டிக்கர்

அம்மா,

அடுத்த வேலைக்குக் கிளம்ப உனக்கு அரை மணிதான் இருக்கும். சால்மனுக்கு இன்றுதான் கடைசித் தேதி. பாதி விலைக்கு வாங்கினேன். உருளைக்கிழங்கு வெந்திருக்கிறது. மீனையும் பாலையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சூப் தயார். எனக்கும் கொஞ்சம் வை.

ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரிப் பொட்டலத்திலிருந்து 'பாதி விலை' என்ற சிவப்பு ஸ்டிக்கரை உரித்து என் நெற்றியில் ஒட்டினாய். "படிப்ப விட்டுட்டு வீட்ல கிடக்குறா. பாதி விலைதான் ரைலி, கூட்டிட்டுப் போறியா?" என்றாய். ரைலி சித்தி இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஹெல்மி

பி.கு.: அந்த ஸ்டிக்கரை நான் எறியவில்லை. இன்று காலையில் உனக்குக் கோட்டு மாட்டிவிட்டபோது முதுகில் ஒட்டினேன். கழற்றிப் பார். இவ்வளவு நேரமாக யாருமே உன்னிடம் சொல்லவில்லை, இல்லையா?